டிராகனுக்கு சர்வர் எதற்கு?

பெத்தாங் ஆட என்ன வேண்டும்? ஒரு மண்தரை, ஆளுக்கு இரண்டு மூன்று இரும்புக் குண்டு, ஒரு சின்ன மரக்குண்டு. தகராறு வந்தால் அளந்து பார்க்க ஒரு டேப். மரக்குண்டை ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்தில் போட வேண்டும். யாருடைய குண்டு அதை ஒட்டி நிற்கிறதோ அவர் பக்கம் புள்ளி. நூறு வருடத்துக்குச் சற்று முன்பு தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற துறைமுக ஊரில் பிறந்த ஆட்டம் இது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் அந்தக் கைமாற்றம் சட்டப்படியும் முடிந்தது. பிரெஞ்சு அரசு போய்விட்டாலும் பெத்தாங் இன்றும் இங்கே ஆடப்படுகிறது. அதற்கு யாரிடமும் கணக்குத் திறக்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். விதி தெரிந்த நாலு பேர் போதும்.

இதே ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடி அறைகளில் கூடுகிற இன்னொரு ரகக் கூட்டமும் உண்டு. அவர்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட ஆட்டம். ஒருவர் கதை நடத்துநர். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன். நடத்துநர் சூழலைச் சொல்வார், ஆடுபவர்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள், சந்தேகமான செயலென்றால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கேரக்டர் ஷீட் என்று ஒரு தாள் இருக்கும். பல மாதம் ஓடிய ஆட்டத்தின் தாளைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: உயிர்ப்புள்ளி எழுதும் கட்டத்தில் மட்டும் காகிதம் நைந்து போயிருக்கும். அடிபடும்போதெல்லாம் ரப்பரால் அழித்து அழித்து எழுதிய இடம் அது.

இந்த ஆட்டத்தைக் கணினிக்குள் கொண்டுவரப் போகிறோம் என்று அதன் உரிமையாளர்கள் கால் நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ரசிகர்களும் நம்பி நம்பி ஏமாந்துகொண்டே இருக்கிறார்கள். கடைசி ஏமாற்றத்தின் பெயர் சிஜில். 2022 ஆகஸ்டில், ஆட்டத்தின் உரிமை வைத்திருக்கும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அன்ரியல் என்ஜின் என்ற கேம் மென்பொருளைக் கொண்டு ஒரு முப்பரிமாண மேசையைக் கட்டுவதாக அறிவித்தது. கல்சுவர், தீப்பந்தம், பொம்மை வீரர்கள் என்று திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. 2025-இன் தொடக்கத்தில் சத்தமில்லாமல் வெளியானது. அடுத்த மாதமே, மார்ச்சில், அதைக் கட்டிய குழுவில் ஏறக்குறைய 30 பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதை மூடப்போகும் அறிவிப்பும் பின்னால் வந்து சேர்ந்தது.

பழைய ஆட்டக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள், கொஞ்சம் கசப்பாக. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது மாஸ்டர் டூல்ஸ் என்று ஒரு கணினிக் கருவி வருவதாகச் சொன்னார்கள். 2002-இல் அது இ-டூல்ஸ் என்ற பெயரில் பாதியாக இளைத்து வந்தது. 2007 ஆகஸ்டில் நான்காம் பதிப்பை அறிவித்தபோது அதோடு ஒரு முப்பரிமாண மேசையையும் காட்டினார்கள். 2008-இல் புத்தகம் வந்தது, மேசை வரவில்லை. அந்த இடத்தில் 2010-இல் ஓர் எளிய இருபரிமாண மேசையைச் சோதனைக்கு விட்டு, 2012 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் பதிப்புக்கு வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து டன்ஜன்ஸ்கேப் என்ற செயலியைச் செய்தார்கள். 2014 அக்டோபரில் அந்தக் கூட்டும் உடைந்தது. பணமும் ஆளும் பெயரும் உள்ள ஒரு நிறுவனம் ஒரே குழியில் இத்தனை முறை விழுகிறதென்றால், குழியைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையிலிருந்தே பார்க்கலாம். இப்படி ஒரு பேச்சு அங்கே சாதாரணம்:

"அண்ணா, நான் அந்தக் கயித்துப் பாலத்துல எண்ணெயை ஊத்திக் கொளுத்துறேன்."

"கயிறு மழையில நனைஞ்சிருக்குப்பா."

"எண்ணெய் எரியுமில்ல?"

"எரியும்... சரி, உருட்டு. பதினஞ்சுக்குக் குறையாம விழுந்தா பாலம் பத்திக்கும்."

கவனித்தால், நடத்துநர் இங்கே ஒரு நொடியில் நாலு வேலை செய்திருக்கிறார். ஈரக் கயிறு எப்படி எரியும் என்று உலக அனுபவத்திலிருந்து எடுத்தார். விதிப்புத்தகத்தில் அதற்கு நேரடி விதி இல்லை என்று தெரிந்துகொண்டார். புதிதாக ஒரு விதி செய்தார். இருபது முகத்தில் 15 முதல் 20 வரை ஆறு முகம் என்பதால், அந்தச் செயலுக்கு 30 சதவீத வாய்ப்பு கொடுத்தார். இந்தப் பாலம் எரியும் என்று எந்த நிரலாளரும் முன்கூட்டி யோசித்து எழுதியிருக்க முடியாது. வீடியோ கேமில் எரியும் என்று எழுதி வைத்த பாலம்தான் எரியும்.

எழுதி வைத்த விதிகளை மட்டுமாவது கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்றால், அதுவும் லேசு இல்லை. இந்த ஆட்டம் விதிவிலக்குகளால் கட்டப்பட்டது. பொது விதி சின்னது. ஒவ்வொரு மந்திரமும் ஒவ்வொரு ஆயுதமும் அந்தப் பொது விதியில் எங்காவது ஓர் ஓட்டை போடும். 2014-இன் ஆட்டக்காரர் கையேட்டில் மட்டும் 360-க்கும் மேற்பட்ட மந்திரங்கள். அவற்றில் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றையொன்று பாதிக்குமா என்று சோதிக்கப் புகுந்தால் 64,000-க்கும் மேற்பட்ட ஜோடிகள் வருகின்றன. மூன்று மூன்றாகப் பார்த்தால் எண்ணிக்கை எழுபது லட்சத்தைத் தாண்டும். புது விதிப்புத்தகம் ஒன்று வரும்போதெல்லாம் இந்தக் கணக்கு மறுபடி வீங்கும். மேசையில் இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் இரண்டு மந்திரங்கள் மோதும் அன்றைக்கு நடத்துநர் ஒரு தீர்ப்புச் சொன்னால் முடிந்தது.

தாயக்கட்டை ஆடிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதில் சண்டை இல்லை. ஆனால் எந்த எண்ணுக்கு மறு ஆட்டம், வெட்டு இல்லாமல் உள்ளே போகலாமா, மலையில் இருக்கும் காயை வெட்டலாமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். சித்தி வீட்டுக்குப் போனால் முதல் பத்து நிமிடம் விதி பேசுவதிலேயே போகும். செயலியாக எழுதும் ஆள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், தேர்ந்தெடுத்த நொடியே பாதிப் பேருக்கு அது தப்பான தாயம்.

படம் காட்டும் வேலைக்கு வருவோம்; பணம் கரையும் இடம் அதுதான். இணைய மேசை என்பதன் எளிய வடிவம் ஒரு வரைபடமும் அதன்மேல் நகர்த்தும் டோக்கன்களும். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஆடலாம் என்பதுதான் இதன் பெரிய பயன். அடுத்த படி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் காட்டுவது. இதற்கான உத்தி அழகானது. சுவர்களை நேர்கோடுகளாகக் குறித்து வைப்பார்கள். டோக்கன் நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு சுவரின் முனையை நோக்கியும் ஒரு கற்பனைக் கதிர் விடப்படும். கதிர் முதலில் எந்தச் சுவரில் முட்டுகிறது என்று கணக்கிட்டு, முட்டிய புள்ளிகளைச் சுற்றிவர இணைத்தால் ஒரு பலகோணம் கிடைக்கும். அதற்குள் இருப்பது தெரியும், வெளியே இருப்பது இருட்டு. கதவைத் திறந்தால் ஒரு கோடு நீங்கும், பலகோணம் விரியும், அறைக்குள் பதுங்கியிருந்த பூதம் சட்டென்று திரையில் நிற்கும். பத்தாம் வகுப்பு வடிவியல்தான். சாதாரண மடிக்கணினி இதைச் சிரமமில்லாமல் செய்யும். ரோல்20 என்ற மேசை 2012-லிருந்து இப்படி இருபரிமாணத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

முப்பரிமாணம் வேறு உலகம். நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 17 மில்லிநொடிகூட இல்லை. அதற்குள் ஒவ்வொரு கல்லிலும் தீப்பந்தத்தின் வெளிச்சம் எப்படி விழும், நிழல் எங்கே சாயும் என்று கணக்குப் போட வேண்டும். அதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். ஐந்து பேர் ஆடும் மேசையில் ஒருவரிடம் அது இல்லையென்றாலும் ஐந்து பேருக்கும் ஆட்டம் இல்லை. இதைவிட முக்கியமானது நடத்துநரின் நேரம். "பாசி பிடித்த கிணறு, உள்ளே யாரோ முனகும் சத்தம்" என்று வாயால் சொல்ல நாலு நொடி. வரைபடத்தில் ஒரு வட்டம் போட ஒரு நிமிடம். முப்பரிமாணத்தில் அந்தக் கிணற்றைக் கட்ட ஒரு மாலைப்பொழுது. கட்டி முடித்துவிட்டுக் காத்திருந்தால், ஆடுபவர்கள் கிணற்றுப் பக்கமே போகாமல் சாராயக்கடைக்குப் போவார்கள். இது எல்லா மேசையிலும் நடப்பது. கற்பனைக்குக் கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படாத ஒரு ஆட்டத்தை, கார்டு இருந்தால் மட்டும் நடக்கும் ஆட்டமாக மாற்றியதுதான் என் பார்வையில் சிஜிலின் அடிப்படைக் கோளாறு. வடிவமைப்பு மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆட்டத்தை எங்கே தேட வேண்டுமோ அங்கே தேடவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால், அது போனதில் ஏன் இவ்வளவு வருத்தம்?

மனிதர்கள் இழப்பையும் லாபத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை என்று 1979-இல் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் எழுதினார்கள். நூறு ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைந்த வலி பெரிது. பின்னால் அவர்களே செய்த மதிப்பீட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1990-இல் வந்த பிரபலமான பரிசோதனை ஒன்றில் மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பைகளைக் கொடுத்துவிட்டு, விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். வாங்க வந்தவர்கள் சொன்ன விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். கோப்பை அவர்கள் கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது.

கையால் செய்தது என்றால் பிடிப்பு இன்னும் கூடும். 2012-இல் மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சான், டான் ஏரியலி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தாங்களே மடித்த கோணல்மாணலான காகித உருவங்களுக்கு மக்கள், தேர்ந்த கலைஞர்கள் மடித்தவற்றுக்கு ஏறக்குறைய சமமான விலை வைத்தார்கள். மற்றவர்கள் கண்ணில் அவை கசங்கிய காகிதம். இப்போது இரண்டு வருடம் ஓடிய ஒரு கதையின் மந்திரவாதியை நினைத்துப் பாருங்கள். அவனுக்குப் பெயர், தழும்பு, பகை, செத்துப்போன தங்கை எல்லாம் உண்டு. அதெல்லாம் யாரோ ஒருவரின் சர்வரில் இருக்கிறது. அறிவிப்பு வரும்போது, ஒரு மென்பொருள் நின்றுபோகிறது என்று மட்டும் ஆடுபவர் அதைப் படிக்க மாட்டார். தன் உழைப்பின் வாசலில் வேறொருவர் பூட்டுப் போடுவதாகத்தான் படிப்பார்.

வராத பொருளுக்கும் இந்த வலி உண்டு என்பதுதான் விசித்திரம். 2007-இல் காட்டிய மேசையை யாரும் தொட்டதுகூட இல்லை. ஆனால் அதை நம்பிப் பலர் மனதுக்குள் ஆட்டத்தைத் திட்டமிட்டுவிட்டார்கள். படிப்பு முடிந்து வெளியூர் போன நண்பனோடு இனி ஆடலாம் என்று. எதிர்பார்ப்பு ஏற்கெனவே அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது. சந்தைப்படுத்துபவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள், பிறகு ரசிகர்கள் கோபப்பட்டால் ஆச்சரியப்படுகிறார்கள்.

நம் நாட்டில் இதே கதை ஒரு முறை பெரிதாக நடந்திருக்கிறது, அதிலும் வில்லன் வேடம் அதே குடும்பத்துக்கு. விசர்ட்ஸ் நிறுவனத்தை 1999-இல் வாங்கியது ஹாஸ்ப்ரோ. வட அமெரிக்காவில் ஸ்க்ராபிள் எழுத்தாட்டத்தின் உரிமையும் ஹாஸ்ப்ரோவிடம்தான். மற்ற நாடுகளில் மேட்டலிடம். கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜெயந்த் அகர்வாலா சகோதரர்கள் ஸ்க்ராபுலஸ் என்று ஒரு இணைய ஆட்டத்தைச் செய்து 2007-இல் ஃபேஸ்புக்கில் விட்டார்கள். 2008-இன் தொடக்கத்தில் தினமும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். உரிமையாளர்கள் பல வருடம் செய்யாததை இரண்டு அண்ணன் தம்பிகள் செய்துகாட்டினார்கள். 2008 ஜூலை 24-இல் ஹாஸ்ப்ரோ நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 29-ஆம் தேதி அமெரிக்கா, கனடா ஆட்டக்காரர்களுக்கு ஸ்க்ராபுலஸ் மூடப்பட்டது. பாதி ஆட்டத்தில் இருந்தவர்களின் பலகைகள் அப்படியே போயின. ரசிகர்கள் கொதித்தார்கள்.

அதே ஆண்டு மேட்டல் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது கவனிக்கத்தக்கது. ஸ்க்ராபிள் என்ற பெயரை நினைவூட்டும் பெயரை வைக்கக்கூடாது என்று தடுத்த நீதிமன்றம், பலகைக்கும் ஆட்ட முறைக்கும் பதிப்புரிமை கேட்டதை ஏற்கவில்லை. ஓர் ஆட்டத்தின் விதி யாருக்கும் தனிச்சொத்து ஆவதில்லை, பெயரும் படமும் எழுத்தும்தான் ஆகும். அகர்வாலா சகோதரர்கள் லெக்சுலஸ் என்று பெயர் மாற்றி, பலகையையும் மாற்றித் தொடர்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்க்ராபுலஸுக்குப் பதிலாக வந்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் அதிகாரபூர்வ ஸ்க்ராபிளும் 2020 ஜூன் 5-இல் மூடப்பட்டது; அப்போதும் ஆடியவர்கள் கொதித்தார்கள்.

ரசிகர்களின் கோபத்தில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. ஒரு கருவியை நிறுத்துவது குற்றமில்லை. கணக்குக் கட்டுப்படியாகாத பொருளை எந்த நிறுவனமும் என்றென்றும் ஓட்டாது. போகும்போது நம் பொருளை எடுத்துப்போக வழி வைத்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நான்காம் பதிப்புக்கு முதலில் வந்த கேரக்டர் பில்டர் என்ற பாத்திரத் தாள் தயாரிக்கும் கருவி, கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் மென்பொருள். சந்தாவை நிறுத்தினாலும் வைத்திருப்பது வேலை செய்யும். 2010 நவம்பரில் அதை எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் செருகுநிரல் மீது ஓடும் இணையக் கருவியாக மாற்றினார்கள். அன்றிலிருந்து அதன் ஆயுள் மூன்று பேர் கையில் மாட்டியது: விசர்ட்ஸ், மைக்ரோசாஃப்ட், உலாவிகளைச் செய்பவர்கள். உலாவிகள் ஒவ்வொன்றாக சில்வர்லைட்டைக் கைவிட்டன, 2020 பிறந்தபோது கருவியும் போனது. விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. அந்தப் பதிப்பை இன்றைக்கும் புத்தகத்தை விரித்து வைத்து ஆடலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. தொண்ணூறுகளில் அடித்த கோப்பை இன்று திறந்தால், அந்த எழுத்துரு கணினியில் இல்லாததால் ஆங்கிலக் குறிகளின் குப்பையாகத் தெரியும். எழுத்து அழியவில்லை, படிக்கும் வழி அழிந்துவிட்டது. யூனிகோடு வந்த பிறகுதான் கோப்பின் உயிர் ஒரு நிறுவனத்தின் எழுத்துருவை நம்பி இருக்கும் நிலை மாறியது.

இணைய மேசைகளிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. மேப்டூல் திறந்த மூல மென்பொருள். செய்தவர்கள் கைவிட்டாலும் வேறொருவர் எடுத்து ஓட்டலாம். 2020-இல் வந்த ஃபவுண்ட்ரியை ஒரு முறை காசு கொடுத்து வாங்கி உங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஆட்டத்தின் தரவு உங்கள் கோப்புறையில் இருக்கும். இவை சிஜில் அளவுக்குக் கண்ணைப் பறிக்காது. சந்தா முறையில் இருப்பவர்களும் மாதத்துக்கு ஒரு தடவை தங்கள் பாத்திரத் தாளைப் பிடிஎஃப்பாக இறக்கி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி போட்டு வைப்பது நல்லது. 2024 ஆகஸ்டில் விசர்ட்ஸின் டி அண்ட் டி பியாண்ட் தளம், பழைய மந்திரங்களின் மேல் புதுப் பதிப்பின் மந்திரங்களை எழுதிவிடப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அச்சடித்த தாளில் யாரும் அப்படிக் கை வைக்க முடியாது.

சட்டமும் மெதுவாக நகர்கிறது. 2024 மார்ச்சில் யூபிசாஃப்ட் தன் கார்ப் பந்தய ஆட்டமான தி க்ரூவின் சர்வரை நிறுத்தி, காசு கொடுத்து வாங்கியவர்களையும் வெளியே நிறுத்தியதைத் தொடர்ந்து ஐரோப்பாவில் ஒரு மனு இயக்கம் கிளம்பியது. 2025 ஜூலையில் அதன் கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், வெறும் உரிமத்தை விற்றுவிட்டு "வாங்குங்கள்" என்று பொத்தான் வைக்கும் கடைக்காரர், வாங்குபவருக்கு அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி எந்தச் செயலியிலும் இல்லை. 2023 ஜனவரியில் விசர்ட்ஸ், விதிகளைப் பிறரும் பயன்படுத்த அனுமதித்த தன் பழைய திறந்த உரிமத்தைச் சுருக்கப் பார்த்தது, ரசிகர்கள் கூட்டம் கூட்டமாகச் சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த மாதம் 27-ஆம் தேதி நிறுவனம் இறங்கிவந்து, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய 400 பக்க ஆவணத்தை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். யாரும் அச்சடிக்கலாம், மாற்றலாம், விற்கலாம், தமிழில் கொண்டுவரலாம். புதுச்சேரியில் ஒரு கல்லூரி மாணவர் அதை வைத்து அரிக்கமேட்டுத் துறைமுகத்தில் ரோமாபுரி வணிகனும் மணி கோக்கும் கைவினைஞனும் சந்திக்கும் சாகசக் கதை ஒன்றை எழுதி விற்றால், ஹாஸ்ப்ரோவுக்கு ஒரு கடிதம்கூடப் போட வேண்டியதில்லை.